இறங்குகிற கால்

வலது பாதம் இன்னும் வீங்கியிருக்கிறது, ஜெகநாதன் சார். கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்துவிட்டது. இந்த வயதில் ஷூ போடாமல் செருப்போடு பாஸ்கெட்பால் கோர்ட்டில் இறங்கினால் இப்படித்தான். காலை நீட்டிக்கொண்டே பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

பையன் தவறி விழுந்தான் என்று என்னைச் சொல்லச் சொல்கிறீர்கள். நீங்கள் வக்கீல், அப்படித்தான் சொல்வீர்கள். ஆனால் நான் கோச். என் கோர்ட்டில் யாரும் தவறி விழுந்ததில்லை.

என் அப்பா போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். மீசை முளைக்கும்வரை நானும் தூக்கினேன். லாரியிலிருந்து பலகை வழியாக வெங்காய மூட்டையோடு இறங்குகிறவனுக்குத் தன் கால் தெரியாது. எதிர்க் கோஷ்டி ஆள் இறங்கும்போது அப்பா அந்தப் பலகையைப் பாதத்தால் லேசாக நகர்த்துவார். ஒருவனுக்கு இடுப்பு ஒடிந்தது. மறுநாளிலிருந்து அந்த லாரி எங்களுக்கு. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன், ஃபுட்பால் ஆடினேன், கோச் ஆனேன்.

கச்சிபௌலியைத் தாண்டி இருக்கிற அந்தப் பொறியியல் கல்லூரியில் ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் நான் ஒருவன்தான். பிறகு ஃபுட்பால் மைதானத்தில் ஹாஸ்டல் கட்டினார்கள். பாஸ்கெட்பாலில் கோப்பை கொண்டுவந்தால் இரு, இல்லாவிட்டால் கிளம்பு என்றார் சேர்மன்.

பாஸ்கெட்பாலில் எல்லாரும் மேலே பார்ப்பார்கள். பந்து மேலே, வளையம் மேலே, ரெஃப்ரியின் கண்ணும் கைகளின் மேல். எகிறிப் பந்து போட்டவன் இறங்குகிற இடத்தில் நம் பாதம் இருந்தால் போதும், அவன் கணுக்கால் மடங்கிவிடும். இடிக்க வேண்டாம், தள்ள வேண்டாம். பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதன் பிறகு கோப்பை வேறு கல்லூரிக்குப் போகவில்லை. அடிபட்டவர்கள் யாரும் சாகவில்லை. சிலர் திரும்ப ஆடவில்லை, அவ்வளவுதான்.

ஜெயந்த் மட்டும் மறுத்தான். என் அணியிலேயே நல்ல ஆட்டக்காரன் அவன். ரயில்வேயில் விளையாட்டு கோட்டாவில் அடுத்த மாதம் தேர்வுக்குப் போக வேண்டியவன். அரையிறுதிக்கு முதல் நாள் காலைப் பயிற்சிக்கு அவனும் வினய்யும் மட்டும் முன்னதாகவே வந்திருந்தார்கள். எதிர் அணியின் உயரமான பையனை அவன் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

"நக்கோ சந்தானம் சார், வேணாம். அவனும் ரயில்வே ட்ரையல்ஸுக்கு வர்றான். கால உடச்சிட்டு அவன் மூஞ்சியில எப்படி சார் முழிக்கிறது?"

பந்தைத் தட்டிக்கொண்டிருந்த வினய் சிரித்தான். "அரே, சாமியார் வந்துட்டார்ரா. எதிர் டீமுக்குப் பாதபூஜை பண்ணப் போறார்."

ஜெயந்த் சிரிக்கவில்லை. "மத்தவங்களும் செய்யக் கூடாது சார். செஞ்சா, பழசையும் சேத்து யூனிவர்சிட்டில சொல்லிடுவேன். மன்னிச்சிடுங்க."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னான். மரியாதை தெரிந்த பையன்.

"சரி, நீ செய்ய வேணாம். ஒரு ஷாட் போடு" என்றேன். எகிறினான். அழகாக எகிறுவான். அவன் இறங்கும் இடத்தில் என் பாதத்தை வைத்தேன். கணுக்கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. வினய்யை ஐஸ் எடுத்துவர கேன்டீனுக்கு அனுப்பினேன். அடிபட்டால் கோச் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

ஜெயந்த் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்ப கண்டிப்பா சொல்லுவேன் சார்" என்றான். அவன் தலைக்குப் பக்கத்திலேயே வளையக் கம்பத்தின் சிமெண்ட் அடிக்கட்டை இருந்தது. பந்தை விரல் நுனியால் உதைக்காதே, பாதத்தின் மேல்புறத்தால் உதை என்று எத்தனையோ பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன். நானே முதல் உதையை நுனியால் உதைத்துவிட்டேன். நகம் போனது அப்போதுதான். அடுத்தது சரியாக விழுந்தது. தலை சிமெண்டில் மோதித் திரும்பி வந்தது. உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது, அதனால் மறுபடியும் உதைத்தேன். வினய் திரும்பி வந்தபோது ஐஸுக்குத் தேவை இருக்கவில்லை.

கோபத்தில் செய்தேனா என்கிறீர்கள். இல்லை. அவன் வாயைத் திறந்தால் மற்றப் பையன்களின் சர்டிபிகேட்டெல்லாம் வெறும் காகிதமாகிவிடும். கோச் என்றால் எல்லாப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும்.

அவன் அம்மா ஜலஜா மல்லாபூரில் மருந்து கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவர். புருஷன் இல்லை. கல்லூரியில் சேர்த்த அன்று, "உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் சார்" என்றார். வேலை வாங்கித் தருவது என் பொறுப்பு என்று சொல்லி அனுப்பினேன். நேற்று போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள் அக்ஷதா. அண்ணன் மாதிரியே உயரம். பள்ளிக்கூட அணியில் ஆடுகிறாளாம். ஜாமீனில் வந்ததும் அவளை நானே பழக்கலாம் என்று இருக்கிறேன், நீங்கள் அந்த அம்மாவிடம் பேசிப் பாருங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் விடுகிறவன் இல்லை நான். அந்த வீட்டுக்கு ஒரு ரயில்வே வேலை பாக்கி வைத்திருக்கிறேன்.