முள்வேலி வீட்டு அடுப்பு

சோயா மொச்சையை அவசரப்பட்டு வேகவைக்கக் கூடாது ஐயா. காலையில் மூட்டிய நெருப்பு மறுநாள் வரை அடங்காமல் எரிந்தால்தான் விரலுக்கு நடுவில் மாவாக மசியும். இடித்து, கட்டி பிடித்து, உலர்த்தி வைத்தால் வருஷம் முழுக்கக் குழம்புக்கு ஆகும். கங்வா தீவில் இந்த வேலைக்கு என் கையைத்தான் நம்புவார்கள்.

விசாரணை ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள், என் பெயர் உம்தொக். அம்மா அரசாங்க அடிமை, அதனால் நானும். அடிமைப் பதிவேட்டில் என் பெயருக்குக் கீழே என் மகள் தல்லெயின் பெயர். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

இளவரசரை வசந்தத்தில் கொண்டுவந்தார்கள். பழைய ராஜாவின் தம்பி, வேறு தாய்க்குப் பிறந்தவர். ஒன்பது வயது. அவரை வைத்துச் சதி நடந்ததாகச் சொல்லிப் பட்டத்தைப் பறித்து, சுற்றிலும் கூரை உயரத்துக்கு முள்வேலி அடைத்த வீட்டில் வைத்தார்கள். சமைக்க என்னை அனுப்பினார்கள். இளவரசர் என்று அழைக்கக் கூடாதென்று உத்தரவு. யாரும் இல்லாதபோது ராசா என்று கூப்பிடுவேன். பானை அடியில் பிடிக்கும் காந்தல் என்றால் அவருக்கு உயிர். சுரண்டி உருட்டிக் கொடுப்பேன். பாதியை எனக்கே திருப்பித் தருவார். நல்ல பிள்ளை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பத்தாம் மாதம் தீவுக்குப் புது அதிகாரி வந்தார். மின் என்று பெயர். வந்த மூன்றாம் நாள் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"பையன் குளிருதுன்னு சொன்னானாமே?"

"நேத்து சொன்னாருங்க."

"அப்போ சூடு பண்ணு. இந்த வருஷ மொச்சையை இங்கேயே வேகவை. மூணு நாளைக்கு நெருப்பு அணையக் கூடாது."

பிறகு என்னைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உன் பொண்ணைப் படை முகாமுக்குக் கேட்டு ஓலை வந்திருக்கு. பதிவேட்டுல அவ பேரே இல்லேன்னா யாரும் கேட்க முடியாது, இல்லையா?"

அவ்வளவுதான் பேச்சு. கொல் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

நீங்கள் அடுப்படிப் பக்கம் போயிருக்க மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன். அடுப்பின் அனல் இளவரசர் இருந்த அறைத் தரைக்கு அடியில் ஓடிப் பின்சுவர் வழியாக வெளியேறும். எவ்வளவு எரிக்கிறோமோ அவ்வளவு தரை சுடும். கதவிடுக்கில் காற்று வருகிறதென்று சொல்லி மின்னின் ஆட்கள் கதவுக்கு ஆணி அடித்து, இடுக்கில் காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். சோறு கொடுக்கிற துவாரம் மட்டும் மிச்சம். அது என் பக்கம் இருந்தது.

முதல் நாள் காலையில் இளவரசர் சந்தோஷமாகத்தான் இருந்தார். "இன்னிக்குத் தரை நல்லா இருக்கு" என்றார். மதியம் மெத்தையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். சாயங்காலம் எழுதுகிற மேசைமேல் ஏறி நின்றார். தரையில் ஒட்டிய எண்ணெய்க் காகிதம் கருகும் வாசனை துவாரம் வழியாக வந்தது.

"உம்தொக், நெருப்பைக் கொஞ்சம் குறை."

"குறைக்கிறேன் ராசா."

இரண்டு ஓக் கட்டைகளை உள்ளே தள்ளினேன். பைன் சீக்கிரம் எரிந்துபோகும், ஓக் நின்று எரியும்.

தண்ணீர் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மறுநாள் காலையில் குரல் மாறியிருந்தது. "நீ இருக்கியா?" என்று அடிக்கடி கேட்டார். "இருக்கேன் ராசா" என்றேன். "கதவைத் திற. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார். ஒன்பது வயதுப் பிள்ளையின் பேச்சு அது. நாளைக்கு யாராவது அன்பாக ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடும்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் முற்றத்தில் மின்னை ஐந்து நாளாக அடிக்கிறீர்கள். இரண்டாம் நாளே நெருப்பை நிறுத்தச் சொன்னேன் என்று அவர் கத்துகிறார். யாரும் நம்பவில்லை. ஐயா, அவர் சொல்வது உண்மை.

அந்த இரண்டாம் நாள் மதியம் மின் வந்தார். முகம் வெளுத்திருந்தது. உள்ளேயிருந்து கேட்ட சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"போதும். அடுப்பை அணை. ஆணி பிடுங்க ஆள் அனுப்புறேன்."

"சரிங்க ஐயா."

அவர் போனதும் யோசித்தேன். பிள்ளை பிழைத்தால் வெந்த பாதத்தோடு பிழைக்கும். தலைநகரிலிருந்து விசாரிக்க வருவார்கள். அதிகாரிக்கு வேறு ஊர் கிடைக்கும், எனக்குக் கழுத்துப் போகும். மகளின் விடுதலைக் காகிதம் முத்திரை விழாமலே கிழியும். ஒரு வேலையைப் பாதியில் விட்டால் யாருக்கும் லாபமில்லை. விறகுக் கொட்டகையில் மிச்சமிருந்ததை முழுக்கக் கொண்டுவந்தேன்.

"உம்தொக்" என்று ஒரு தடவை கூப்பிட்டார். துவாரத்தைப் பலகையால் மூடினேன்.

பொழுது சாயும்போது ஆட்கள் வந்தார்கள். இளவரசர் மேசைமேல் சுருண்டு கிடந்தார். உடம்பு எப்படி இருந்தது என்று உங்கள் எழுத்தர் எழுதியிருக்கிறார், நான் திரும்பச் சொல்ல வேண்டாம். நெருப்பைப் பற்றி மின் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. காய்ச்சலில் இறந்ததாக மேலே எழுதி அனுப்பினார். பத்து நாள் கழித்து, சொன்னபடி காகிதத்தில் முத்திரை வைத்துக் கொடுத்தார்.

இத்தனை வருஷமாக, பழைய ராஜா போய்ப் புது ராஜா வந்த பிறகும், வாய் திறக்காதவள் இப்போது ஏன் வந்தேன் என்று கேட்பீர்கள். மின் கொலைகாரர் என்று தீர்ப்பானால் அவர் முத்திரை வைத்த காகிதம் எதுவும் செல்லாது என்று பேசிக்கொள்கிறார்கள். தல்லெ மறுபடி பதிவேட்டுக்குப் போவாள். அதனால் சொல்கிறேன்: அவர் நிறுத்தச் சொன்னார். நிறுத்தாமல் எரித்தது நான். இளவரசரைக் கொன்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், காகிதத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

தல்லெ இப்போது உப்பளத்துக்காரன் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். இங்கே வரும் முன் போய்ப் பார்த்தேன். பானைத் தண்ணீர் உறைந்து கிடந்தது, அடுப்பில் சாம்பல்கூட இல்லை. நான் விறகைக் கையில் எடுத்ததும் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள். "நீ அடுப்பைத் தொடாதே" என்றாள். அந்தச் சில்லிட்ட தரையில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். மசக்கையாகத்தான் இருக்கும் ஐயா. அந்த நேரத்தில் சில பெண்களுக்குச் சூடே ஆகாது.