கந்தகனுக்கு ஒரு நிரந்தரச் சாவு

தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், ஐயா. கொடைக்கானலில் மூடுபனி இறங்கிவிட்டால் எதுவும் சூடாக நிற்பதில்லை. நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் செபாஸ்டின். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியன். ஒழிந்த நேரத்தில் ‘ஏழாம் கோள்’ மாத நாவல் எழுதுவேன். வத்தலக்குண்டு பஸ் நிலையக் கடைகளில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்குமே, அதுதான். அச்சிட்டு விற்பவர் பொன்னுவேல். எழுதுவது நானும் லூர்துசாமியும், ஒரு மாதம் விட்டு ஒரு மாதம். எழுபத்தொன்பதில் ஆரம்பித்தோம். இருவருக்கும் ஒரே விண்வெளி, ஒரே வீரன், ஒரே வில்லன். வில்லனின் பெயர் டாக்டர் கந்தகன்.

லூர்துசாமி தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கர். நல்ல மனிதன். என் மனைவி காலமானபோது பல மாதம் எனக்குச் சோறு வந்தது அவன் வீட்டிலிருந்துதான். இதை நான் மறைக்க விரும்பவில்லை.

கந்தகன் முதல் நாவலிலேயே ஒரு கோளை விஷப்புகையால் மூடி, அதில் இருந்த அத்தனை பேரையும் கொன்றவன். அப்படிப்பட்டவன் சாக வேண்டும் என்று நினைப்பது தவறாகாது. நான் அவனை முறைப்படி சூரியனுக்குள் தள்ளினேன். அடுத்த மாதம் லூர்துசாமி எழுப்பிவிட்டான். விழுந்தது இரட்டைப் பிறவித் தம்பியாம். பனிக்கோளில் புதைத்தேன், பனி உருகிவிட்டதாம். அமிலத் தொட்டியில் கரைத்தேன். கரைசலை யாரோ பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்களாம்.

அச்சகத்தில் வைத்துப் பேசிப் பார்த்தேன்.

“அவன் கொன்ன சனத்துல ஒருத்தராவது திரும்பி வந்தாங்களாடா? இவன் மட்டும் எப்படி வாரான்?”

லூர்துசாமி சிரித்தான். “ஏலே, அவங்களுக்கு நீ பேரே வைக்கலையே. பேரு இல்லாதவனை எவன் தேடுவான்? கந்தகன் போயிட்டா நம்ம வீரனுக்கு என்ன சோலி? காப்பியக் குடிச்சிட்டுச் சும்மா கெடக்க வேண்டியதுதான்.”

பொன்னுவேல் புத்தகக் கட்டுக்குச் சணல் சுற்றிக்கொண்டே, “சார், கடைக்கு வாரவங்க எல்லாம் கந்தகன் வந்துட்டானான்னுதாங்க கேக்குறாங்க. அவனை ஒரேயடியாக் கொல்ல வேண்டாங்க” என்றார்.

அத்தோடு அது சட்டமாகிவிட்டது.

நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன். கந்தகனின் உயிர் கந்தகனிடம் இல்லை, லூர்துசாமியிடம் இருந்தது. ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் அரக்கன் உயிர் இருப்பதாகச் சொல்வார்கள். அந்தக் கிளியின் மீது யாருக்கும் பகை கிடையாது, ஐயா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் மலை விளிம்புவரை நடந்தோம். கண் எதிரே பஞ்சுபோலப் பனி. போன மாதம் நான் வெடிக்க வைத்துச் சிதறடித்த கந்தகனை எப்படி ஒட்ட வைக்கலாம் என்று அவன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். நான் அவன் முதுகில் கை வைத்தேன். “ஏலே” என்று ஒரு சத்தம் கேட்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் விறகு பொறுக்கும் பெண்கள் அவனைத் தூக்கி வந்தார்கள். கீழே ஒரு மரத்தில் சிக்கியிருக்கிறான். வலது கை மட்டும் ஒடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“கால் வழுக்கிருச்சுடா. நீ பிடிக்கத்தான் கை நீட்டுனே. எனக்குத் தெரியும்.”

அந்த மாதம் கந்தகன் மலையிலிருந்து விழுந்து, மரத்தில் சிக்கி, உயிர் பிழைத்தான். லூர்துசாமி சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். புத்தகத்தை மறுபடி அச்சடிக்க வேண்டி வந்தது.

ஏரியிலும் அப்படித்தான் ஆயிற்று. நான் படகில் ஒரு பக்கமாக எழுந்து நின்றேன், படகு கவிழ்ந்தது. கரையில் நின்ற குதிரைக்காரர்கள் குதித்து அவனை இழுத்துப் போட்டார்கள். கந்தகன் கடலடியிலிருந்து வந்தான். புத்தகம் விற்ற சந்தோஷத்தில் பொன்னுவேல் எனக்கும் ஒரு துண்டு போர்த்தினார்.

மூன்றாவது, தாண்டிக்குடிச் சாலையில். தோட்டத்து ஜீப்புக்கு ஹேண்ட் பிரேக் பிடிக்காது. சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுப்பார்கள். டிரைவர் டீக்கடைக்குள் போயிருந்தார். லூர்துசாமி உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

“வெரசா ஏறுடா, பிரமாதமான யோசனை ஒண்ணு வந்திருக்கு.”

நான் குனிந்து கல்லை எடுத்தேன். எடுத்ததை ஓரமாக வைத்தேன்; பின்னால் வரும் வண்டிகளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது.

சாவு வீட்டில் நான் அவன் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தது உண்மைதான். அவன் மனைவி கித்தேரியம்மாளிடம், “இது அவன்தானாம்மா? கூடப் பிறந்த இரட்டை யாரும் உண்டா?” என்று கேட்டேன். அந்தம்மா தன் அழுகையை நிறுத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். “அண்ணே, உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சே. நீங்களாவது தைரியமா இருங்கண்ணே” என்றார்.

அதற்குப் பிறகு தினமும் வெள்ளனே கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மண் அசைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. குழி வெட்டும் உபகாரம் என்பவரிடம், மேலே பெரிய பாறையாக ஒன்று தூக்கி வைக்க முடியுமா என்று கேட்டேன். “ஏன் சார், எந்திரிச்சு வந்துருவாராக்கும்?” என்றார். “இரண்டு தடவை வந்திருக்கிறான்” என்றேன். அவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதில் தப்பில்லை.

ஆம் ஐயா, நான்தான் கொன்றேன். வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். கொள்கைக்காகச் செய்த காரியத்துக்கு வருத்தப்படக் கூடாது. வில்லன் செத்தால் செத்ததாகவே இருக்க வேண்டும், அதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை.

என் மேசையிலிருந்து நீங்கள் எடுத்து வைத்திருக்கும் காகிதங்கள் அடுத்த மாத நாவல். லூர்துசாமி நினைவு மலர் என்று பொன்னுவேல் கேட்டார். அதில் கந்தகனின் விண்கலம் ஒரு சரிவில் உருண்டு நொறுங்குகிறது. உள்ளே இருந்தது அவன் இல்லை. இந்த ஒரு மாதம் மட்டும்தான் எழுப்பியிருக்கிறேன். அடுத்த மாதம் கொன்றுவிடுவேன்.

கடைசி அத்தியாயம் கொஞ்சம் இழுக்கிறது, ஐயா. அச்சுக்குக் கொடுக்குமுன் லூர்துசாமியிடம் ஒரு தடவை காட்டிவிட வேண்டும்.