தார் வைத்து அடைத்த துளை

– மெதுவாப் பேசு.

– இங்க கத்தினா மட்டும் யாருக்குப்பா கேட்கப் போகுது? அதுக்குத்தானே என்னை ப்ரீசர் ரூமுக்குள்ள கூட்டிட்டு வந்தீங்க.

– கேட்காதுங்கறதுக்காகக் கத்தணுமா? நம்ம வீட்டு விவகாரம் எல்லாம் இந்த நாலு சுவத்துக்குள்ளதான் தீர்ந்திருக்கு. உன் சித்தப்பா பங்கு கேட்டது இங்கதான். உன் அண்ணன் வேலையை விட்டுட்டு வந்து நின்னப்போ அவனை விசாரிச்சது இங்கதான். ஒரு வார்த்தை வெளியே போயிருக்கா?

– வார்த்தை போகல. சித்தப்பாதான் சளி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

– இந்தக் கிண்டல் எல்லாம் போற இடத்துல வச்சுக்காதே. மாப்பிள்ளை ஆபீஸ் ரூம்ல உட்கார்ந்திருக்கார். நம்ம ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கிட்டு இருக்காங்க. முகத்தைத் துடைச்சுக்கிட்டு அவரோட கிளம்பு.

– நான் சொன்னது எதுவுமே உங்க காதுல ஏறலையாப்பா? அவர் வெளியே கிளம்பும்போதெல்லாம் என்னை ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறார்.

– பயம் உள்ள மனுஷன். தெரு அப்படி. பத்திரமா வச்சிருக்கார்னு எடுத்துக்கயேன்.

– திருடனுக்குப் பயந்தா உள்பக்கம் தாழ்ப்பாள் போதுமே. வெளிப்பக்கம் எதுக்குப் பூட்டு?

– தட்டினா திறக்க மாட்டாரா?

– சில நாள் கதவுக்கு அந்தப் பக்கமே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். செருப்பு நகர்ற சத்தம் கேட்கும். திறக்க மாட்டார்.

– நீயா கற்பனை பண்ணிக்கிறே. என் எதிர்ல நிமிர்ந்துகூடப் பேசாத பிள்ளை அவர். எத்தனை பேரை விசாரிச்சுக் கட்டி வச்சேன், தெரியுமில்ல?

– விசாரிச்சவங்க யாரும் அந்த ரூமுக்குள்ள இருந்து பார்க்கலையே.

– இங்க பாரு. எங்க அப்பா காலத்துல இருந்து நம்ம வீட்டுப் பொண்ணு ஒருத்தியும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நின்னதில்ல. என் காலத்துலயும் நிக்க மாட்டா. பேச்சு முடிஞ்சது. வா, விறைக்குது. ரெண்டு நிமிஷப் பேச்சுதானேன்னு கோட்டுகூடப் போடாம வந்துட்டேன்.

– நான் வரலப்பா.

– வெளியே வந்து அழு. முதல்ல நட... என்ன இது, கதவு வரமாட்டேங்குது.

– அந்தப் பச்சைக் குமிழை அழுத்தித் தள்ளுங்க.

– நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்குக் குமிழைக் காட்டுறியா? அழுத்திட்டேன். கொண்டி விலகிடுச்சு. கதவுதான் அசையல.

– நகருங்க, நானும் தள்றேன்... இல்லப்பா. இறுகிப் பிடிச்சிருக்கு.

– போன மாசம்தான் சுத்தி வரப் புது ரப்பர் போட்டேன். காத்துகூடப் புகாதுன்னு சொல்லித்தான் போட்டான்.

– சரியாத்தான் சொல்லியிருக்கான். உள்ள வரும்போது கதவை அகலத் திறந்து வச்சுக்கிட்டு லாரி டிரைவரைத் திட்டினீங்களே. வெளியில இருந்த சூடான காத்து எல்லாம் உள்ள வந்து நிறைஞ்சிடுச்சு. கதவைச் சாத்தினதும் அது குளிர்ந்து அழுத்தம் இறங்கிடுச்சு. இப்ப வெளிக் காத்து கதவை அந்தப் பக்கத்துல இருந்து அமுக்குது. பத்துப் பேர் முதுகு குடுத்துச் சாய்ஞ்சு நிக்கிற மாதிரி.

– கண்ணுக்குத் தெரியாத பத்துப் பேரு.

– ஆமா.

– பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குச் சொன்னதை எனக்குச் சொல்றே.

– அந்த வேலையையும் விடச் சொன்னது நீங்களும் அவரும்தான். சரி, அது போகட்டும். இந்த மாதிரி ரூம்ல சுவத்துல ஒரு சின்னத் துளை வைப்பாங்க. காத்து அது வழியா வந்துபோய் அழுத்தத்தைச் சரிபண்ணிடும். இங்க எங்க இருக்கு?

– எனக்கென்ன தெரியும். நான் ஆளைக் கூப்பிடறேன். ஏய் மேஸ்திரி. மேஸ்திரி, கதவைத் திற.

– வாயால கூப்பிட்டா எப்படிக் கேட்கும்?

– அப்ப தட்டறேன். தகரம்தானே, அதிரும்.

– கை உடைஞ்சிடப் போகுதுப்பா. யாரும் வர்ற மாதிரி தெரியல.

– வர மாட்டானுங்க.

– ஏன்?

– நம்ம குடும்பத்து ஆள் உள்ள இருந்தா என்ன சத்தம் வந்தாலும் கதவுகிட்ட நெருங்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். மீறினா வேலை இல்லேன்னும் சொல்லியிருக்கேன்.

– நல்லாக் கட்டி வச்சிருக்கீங்க. போன்?

– மேஜை மேல வச்சுட்டேன். உன்னோடதையும் நான்தானே வாங்கி வச்சேன். ஏன் அப்படி உட்கார்ந்துட்டே? வந்து நீயும் தட்டு. ரெண்டு பேரா அடிச்சா சத்தம் கூடக் கேட்கும்.

– நான் தட்டலப்பா.

– பிடிவாதத்துக்கு இது நேரமா?

– பிடிவாதம் இல்ல. தட்டினா கதவு திறக்கும்னு நம்பி எழுந்து போறதே எனக்கு மறந்துபோச்சு. நீங்க தட்டுங்க.

– தட்டறேன். நான் தட்டினா இந்தக் கட்டடத்துல திறக்காத கதவு கிடையாது.

– சரிப்பா.

– அப்படிச் சிரிக்காதே. தட்டிக்கிட்டே இருந்தா ஒருத்தனுக்காவது சந்தேகம் வராமலா போகும்... கை மரத்துப்போச்சு. கொஞ்சம் சாய்ஞ்சுக்கிறேன்.

– அந்த இரும்பு ராக்குல சாயாதீங்க. இப்படி வந்து அட்டை மேல உட்காருங்க.

– எல்லாம் ஒரே குளிர்தானே?

– அளவு ஒண்ணுதான். ஆனா இரும்பு நம்ம உடம்புச் சூட்டை மளமளன்னு உறிஞ்சிடும். அட்டை அவ்வளவு வேகமா இழுக்காது. அந்த அட்டைப்பெட்டி ரெண்டைப் பிரிச்சு முதுகுல போட்டுக்குங்க.

– இறால் வந்த பெட்டியைப் போர்த்திக்கிட்டு உட்காரணுமா நான்? ஆள் பார்த்தா என்ன நினைப்பான்?

– ஆள் பார்த்தா கதவு திறந்திருச்சுன்னு அர்த்தம். போர்த்துங்க.

– குளிர் எலும்புக்குள்ள ஏறுது.

– குளிர்னு ஒண்ணு வந்து ஏறலப்பா. நம்ம சூடுதான் வெளியே போகுது.

– எனக்கு என்னவோ ஒண்ணு ஏறுற மாதிரிதான் இருக்கு.

– என் முதுகோட முதுகு ஒட்டி உட்காருங்க. அந்தப் பக்கமாவது சூடு வீணாகாது.

– சின்ன வயசுல ஜுரம் வந்தா இப்படித்தான் என் முதுகுல வந்து ஒட்டிக்குவே.

– இப்ப ஒட்டிக்க வந்தா பெட்டியோட திருப்பி அனுப்பறீங்க.

– என் நிலைமை உனக்குப் புரியல. நீ ஒருத்தி இல்ல. உனக்குப் பின்னால இந்தப் பேரு இருக்கு. இந்த வாசல்ல நிக்கிற மேஸ்திரியில இருந்து லாரிக்காரன் வரைக்கும் நம்ம வீட்டைப் பத்தி ஒரு சொல் சொல்ல விட்டதில்ல நான். இனிமே... என்ன சொல்ல வந்தேன்?

– அப்பா, நாக்கு குழறுது உங்களுக்கு. தூங்காதீங்க. எழுந்திருங்க. அந்தத் துளை எங்கே?

– தெரியாதுன்னேனே.

– இந்த ரூமை நின்னு கட்டினது நீங்க. ஒவ்வொரு ஆணியும் உங்களுக்குத் தெரியும்.

– இருக்கு. இருந்தது.

– இருந்ததுன்னா?

– உன் சித்தப்பாவோட சண்டை நடந்துச்சே, மறுநாள் பசங்க ஒரு மாதிரி பார்த்தானுங்க. அந்தத் துளை வழியாத்தான் சத்தம் போயிருக்கணும். துணியைத் திணிச்சுத் தார் ஊத்தி அடைச்சுட்டேன். நானே, என் கையால.

– எங்கே?

– வேண்டாம். அதைத் திறந்தா பேச்சு அப்படியே ஆபீஸ் பக்கம் போகும். மாப்பிள்ளை அங்கதான் இருக்கார்.

– இங்கேயே விறைச்சுப் போறோம். அப்பவும் அவருக்குக் கேட்டுடக் கூடாதா?

– ஒரு வாக்கு குடு. திறந்தா நான்தான் பேசுவேன். நீ வாயைத் திறக்கக் கூடாது. அவரைப் பத்தி ஒரு எழுத்து வெளியே வரக் கூடாது.

– வராது. நான் பேசவே மாட்டேன். சொல்லுங்கப்பா.

– அந்த மூலையில, கடைசி ராக்குக்குப் பின்னால. தோள் உயரத்துக்கு. பெட்டி இழுக்கற கொக்கி அங்கதான் மாட்டியிருக்கும், எடுத்துக்க. ஆனா தார் உரியாது. வெயில் காலத்துல ஊத்தினது, கையில எல்லாம் ஒட்டிக்கிட்டு மூணு நாள் போகல.

– வெயில்ல ஒட்டும். இந்தக் குளிர்ல கண்ணாடி மாதிரி நொறுங்கும். பாருங்க.

– உடையுதே.

– உடையுது. துணியையும் இழுத்துட்டேன். விசில் மாதிரி கேட்குதா? காத்து உள்ள வருது. கையை இங்க வைங்க.

– சூடா இருக்கு.

– சாதாரண வெளிக் காத்துதான். சீக்கிரம் பேசுங்க, நான் சொன்ன மாதிரி வாயைத் திறக்க மாட்டேன்.

– மேஸ்திரி. யோவ் மேஸ்திரி.

– ஐயாவா? எங்க இருந்து கூப்பிடறீங்க ஐயா, குரல் சுவத்துல இருந்து வருது?

– துளையில இருந்து. கதவு இறுகிடுச்சு. நாலு பேரைக் கூட்டிட்டு வந்து இழு.

– ஐயோ, அதானா. டேய், எல்லாரும் ப்ரீசர் கதவுக்கு ஓடுங்கடா. இதோ ஆச்சு ஐயா, பசங்க போயிட்டாங்க. பாப்பா நல்லா இருக்காங்களா?

– இருக்கா. என் பக்கத்துல நிக்கிறா. ஏன்யா, இவ்வளவு நேரம் கை தேயத் தட்டினேனே, ஒருத்தன் காதுலயும் விழலையா?

– ஐயாவா தட்டினீங்க?

– பின்னே யாரு? அவ ஒரு தடவைகூடத் தட்டல.

– விழுந்துச்சு ஐயா. உங்க உத்தரவு இருக்கேன்னு முதல்ல சும்மா இருந்தோம். ஆனா விடாம தட்டுற சத்தம், மனசு கேட்கல. மாப்பிள்ளைகிட்ட ஓடிப்போய்க் கேட்டேன், திறந்து பார்க்கட்டுமான்னு.

– அவர் என்ன சொன்னார்?

– பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார் ஐயா, நிமிரக்கூட இல்ல. ‘திறக்காதே, அது அவதான், அவ தட்டுறது எனக்குத் தெரியாதா? இன்னும் கொஞ்ச நேரம் தட்டுவா, கை வலிச்சா தானா அடங்கிடுவா’ன்னார்.