கஜுப் பால்

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள்.

“என்ர மனுசனுக்குக் கள்ளப் பால் குடுக்கிறன் அக்கா,” என்றாள் இளையவள்.

“என்ன பால்?”

“கஜு, அதுதான் முந்திரிப் பருப்பை ஊறவைச்சு அரைச்சு வடிச்ச பால். டொக்டர் மாட்டுப்பால் கூடாதெண்டிட்டார். இவர் பால் ரீயை விடமாட்டன் எண்டு பிடிவாதம். அதுதான் சொல்லாமல் ஊத்துறன்.”

“ரீயில திரையாதோ?”

“திரையும். பேசாமல் குடிச்சிடுவார்.”

“பாவம் மனுசன், ஒண்டும் தெரியாது.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சன். நேற்று முழுக்கக் காய்ச்சலில படுத்திட்டன். இண்டைக்குக் காலமை குசினிக்குப் போனால், கஜு ஊறப்போட்டிருக்கு.”

மூத்தவள் சிரித்தாள். “நீ என்ன சொன்னனீ?”

“அரைச்சு ரீ போட்டுக் குடுத்தன். ‘மாட்டுக்கு இப்ப நல்ல தீன் போடுறாங்கள் போல’ எண்டார்.”