ஒரு மூடி மருந்து

இல்ல மச்சான், நான் வரமாட்டேன். அயனம்பாக்கம் வந்து, உன் ஊட்டு வாசல்ல நின்னுகினு, வா பேபி, கோச்சிக்காதன்னு கூப்டணுமா? முப்பது வருசம் குடும்பம் நடத்துனவன் நானு. அவளா தான் பைய தூக்கிகினு பஸ் ஏறுனா, அவளா வரட்டும். தங்கச்சிக்காக அண்ணன்காரன் நீ வந்து பேசறது நாயம் தான், அத்த தப்புன்னு சொல்லல. குந்து. அந்த ஸ்டூல் வேணாம், ஈரமா கீது. இப்டி கட்டில்ல குந்து.

ஆமா, அது தான் தொட்டி. காலியா தான் கீது.

ஒரு மீனு செத்ததுக்கு எவனாவது பொண்டாட்டிகிட்ட சண்டை போடுவானான்னு நீயும் கேக்குற. இந்த சேக்காட்ல எல்லாரும் அத்தயே தான் கேக்குறாங்க. ஊடு ஊடா, ஆபீஸ் ஆபீஸா போய் மீனு தொட்டி கழுவுற என் வேலை இன்னான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. மிலிட்டரிக்கு பீரங்கி டேங்கு செய்ற ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்காரன் ஒருத்தன் டெய்லி சிரிக்கிறான், நாங்க டேங்கு செய்றோம், நீ டேங்கு கழுவுறியான்னு. செய்டா. உன் டேங்குலேர்ந்து ஒரு உசிரு எட்டிப் பாக்குமாடா?

ஏரி மீனு இல்ல மச்சான் அது. கடல் மீனு. ராமேஸ்வரத்துலேர்ந்து கவர்ல ஆக்சிஜன் புடிச்சி, ரயில் ஏத்தி வந்த ஏஞ்சலு. நீலத்துல மஞ்சக் கோடு, உள்ளங்கை அகலம். அம்பத்தூர் எஸ்டேட்ல கம்பெனி வெச்சிகீறாரே ராஜசேகரன், அவரு ஆபீஸ் தொட்டில இருந்துச்சி. ஒரு நாளு கழுவப் போய் பாக்கறேன், உடம்பு பூரா வெள்ளைப் புள்ளி, ரவாவ தூவுன மாதிரி. அரிப்பு தாங்காம பாறையில போய் போய் ஒரசுது. மத்ததுக்கும் ஒட்டிக்குமேன்னு தனியா புடிச்சி இங்க எடுத்தாந்தேன். இது ஆஸ்பத்திரித் தொட்டி. மணலு, கல்லு ஒண்ணும் போடக்கூடாது, போட்டா மருந்த அதுங்களே குடிச்சிடும். பயந்தா ஒளிஞ்சிக்க ஒரு பைப்புத் துண்டு, காத்துக்கு மோட்டாரு, அவ்ளோ தான். தண்ணி கோவளத்துலேர்ந்து கேன்ல வரும்.

மருந்து மயில்துத்தம். ஆமா, விசம் தான், யாரு இல்லன்னா? புள்ளிய கொல்ற அளவுக்கும் மீன கொல்ற அளவுக்கும் நடுவுல ஒரு மயிரிழை தான். அதனால தான் நானே கரைச்சி, அளவும் சொல்லிக் குட்த்தேன். தெனம் காலைல கொஞ்சம் தண்ணிய மொண்டுட்டு புதுத் தண்ணி ஊத்தணும், கூடவே ஒரு மூடி மருந்து. நான் ஆறு மணிக்கெல்லாம் பூந்தமல்லிக்கு சைக்கிள் மிதிக்கிறவன், அதனால பேபிகிட்ட உட்டேன். ஒரு மூடி. படிச்சிப் படிச்சி சொன்னேன்.

பதினோரு நாளு ஒயுங்கா தான் செஞ்சா. பொய் சொல்லமாட்டேன். நான் குட்த்தா அது துன்னாது மச்சான். எறாவ பொடிப்பொடியா அரிஞ்சி மூஞ்சிகிட்ட காட்டுனாலும் திரும்பிக்கும். இவ வந்து கண்ணாடிய ஒரு தட்டு தட்டி, இன்னா தொர, எந்திரிச்சியான்னு கேட்டா போதும். பைப்புலேர்ந்து வந்து இவ விரல்லேர்ந்து புடுங்கித் துன்னும். எனக்கு எரிச்சலா வரும். தொழில்காரன் நானா இவளான்னு. எரிஞ்சி இன்னா, புள்ளி பூரா உதுந்து பளபளன்னு ஆயிடுச்சி. இன்னும் பத்து நாளு வெச்சிருந்தா திருப்பிக் குட்த்துருப்பேன்.

பன்னெண்டாம் நாளு மத்தியானம் வர்றேன், மல்லாந்து கீது. செவுளு ஒரு தபா தொறந்துச்சி, ரெண்டு தபா தொறந்துச்சி. வேற தண்ணிக்கு மாத்துறதுக்குள்ள பூட்ச்சி. இவ கண்ணாடிய புடிச்சிகினு நிக்கிறா. எவ்ளோடி ஊத்துனன்னு கேட்டேன். ஒரு மூடி தான்னா. ஒரு மூடில சாவுமாடி, யாருகிட்ட பொய் சொல்றன்னு கத்துனேன். கத்தாம கொஞ்சுவாங்களா?

ராஜசேகரனா? எஸ்டிடி பூத்துலேர்ந்து போன் பண்ணி சொன்னேன். போனா போவுது, வேற ஒண்ணு புடிச்சாந்து உடுன்னுட்டாரு. அது தான் இன்னும் எரியுது. நாலு வார்த்தை அசிங்கமா திட்டியிருந்தா ஆறியிருக்கும்.

இல்ல, கை வெக்கல. இன்னா சொன்னேன்னு அவ உன்கிட்ட சொல்லலியா? நாலு நாளா உன் ஊட்ல கீறா, வாயே தொறக்கலியா? அவ அப்டி தான். என்ன உட்டுக் குடுக்கமாட்டா. அதுவும் எனக்குப் புடிக்காது.

சரி, நானே சொல்றேன். பக்கத்து ஊட்டு வரலட்சுமி நின்னுகினு இருந்தா. அந்தம்மா எதிர்லயே கேட்டேன். நீ கை வெச்சி எதுடி பொழைச்சிதுன்னு கேட்டேன்.

எந்திரிக்காத மச்சான். தெரியும். பொறந்து ஒரு மாசம் தாண்டாத ரெண்டு புள்ளைங்க. ரெண்டையும் குழி வரைக்கும் நீ தான் கைல ஏந்திகினு வந்த. எனக்கு மறக்குமா? அதுங்க என் புள்ளைங்களும் தான.

சட்டைய உடு. அடிக்கிறதுன்னா அடி, ஆனா மீதியும் கேட்டுட்டு அடி.

டானிக் பாட்டிலு மூடி தான் என் அளவு, சுண்டு விரல் நுனி அளவுக்கு இருக்கும். மருந்து தீந்துச்சேன்னு மீனு சாவறதுக்கு மொத நாளு சாயங்காலம் புதுசா கரைச்சேன். டானிக் பாட்டிலு விரிசல் உட்டுகினு இருந்துச்சி, அத்த மூடியோட தூக்கிப் போட்டுட்டு ஊறுகா பாட்டில்ல ஊத்தி அதே எடத்துல வெச்சேன். அவகிட்ட சொல்லல, மறந்துட்டேன். காலைல அவ அந்தப் பெரிய மூடில ஒண்ணு ஊத்தியிருக்கா. ஒரு மூடி. நான் சொன்ன மாதிரியே.

எப்ப தெரிஞ்சிதா? அன்னிக்கே. அவள திட்டிகினு இருக்கும்போதே அலமாரில அந்தப் பாட்டில பாத்துட்டேன். பாத்ததுக்கு அப்பறம் தான் மச்சான் புள்ளைங்க பேச்ச எடுத்தேன்.

அவளுக்கு இன்னும் தெரியாது. தன் கையால தான் செத்துச்சின்னு நெனச்சிகினு கீறா. இப்ப நீயே சொல்லு, எந்த மூஞ்சிய வெச்சிகினு அயனம்பாக்கம் வர்றது?