கங்காதரன் படுத்துப் பார்க்காத வண்டி

ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பாருங்கள் சார், முழங்கால் இடிக்கிற இடத்துக்குச் சற்று மேலே ஒரு துளை தட்டுப்படும். விரல் நீளம்கூட இருக்காது. உள்ளே இரண்டு வரிசையாகப் பதினாறு ஊசிகள். சில கார்களில் ஃப்யூஸ் பெட்டி மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். உங்கள் ஜீப்பிலும் இருக்கும். பத்து வருஷம் வண்டி ஓட்டியவர்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார்.

அதில் தீப்பெட்டி அளவு ஸ்கேனரைச் செருகிச் சாவியைத் திருப்பினால், வண்டி தன் சீக்கையெல்லாம் செல்போனில் ஒப்பித்துவிடும். அதே செல்போனில் எல்லாவற்றையும் அழிக்கவும் ஒரு பொத்தான் உண்டு. காட்டுப்பாக்கத்தில் பத்தொன்பது வருஷமாகப் பழைய கார் விற்கிறவன் நான். அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருப்பேனா? பெண் பார்க்க வருகிற அன்று முகத்துக்குப் பவுடர் போடுவதில்லையா, அந்த மாதிரிதான்.

கார் வாங்க வருகிறவர்கள் சோதித்துப் பார்க்க வானகரத்து மெக்கானிக் கங்காதரனைக் கூட்டி வருவார்கள். ஒரு காலத்தில் அவனை நான் மதித்தேன். கோணியை விரித்து வண்டிக்கடியில் படுத்து, ஒவ்வொரு மூட்டையும் கடப்பாரை போட்டு நெம்பிப் பார்ப்பான். எழுந்தால் முதுகெல்லாம் மண்ணும் கிரீஸும். ஸ்கேனர் வாங்கியதோடு கோணி போயிற்று. இஸ்திரி போட்ட சட்டை வந்தது.

போன தை மாதம் என் யார்டில் ஐந்தாறு புரோக்கர்கள் நிற்கும்போது செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"இன்னா டில்லி, காலைலதான் எல்லாத்தையும் அழிச்சியா? அழிச்சப்புறம் ரெண்டே கிலோமீட்டர்தான் ஓடிகீது. வண்டியே உன்னைப் போட்டுக் குடுக்குது பாரு மாமே."

அழித்தபின் ஓடிய தூரத்தையும் அந்தச் சனியன் எண்ணி வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். துலுக்கானம் என்ற புரோக்கர் அங்கேயே எனக்கு 'ரப்பர் டில்லி' என்று பேர் வைத்தான். ஒரே மாதத்தில் பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் அதுதான் என் பேர். என் மகளைக் கேட்டு வந்த இடத்தில் "யாரு, ரப்பர் டில்லி பொண்ணா?" என்று விசாரித்தார்களாம். அப்புறம் அவர்கள் வரவில்லை.

நான் சண்டைக்குப் போகவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். ஒயர் போகிற இடம்தான் ஸ்கேனருக்குத் தெரியும். இரும்பில் ஏது ஒயர்?

திருமழிசையில் ஒரு வெள்ளைக் கார் கிடைத்தது. முன் இடது சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயின்ட் தேய்ந்துபோயிருந்தது. என்னிடம் வேலை பார்க்கும் அப்பாவு ஆட்டிக் காட்டினான்.

"அண்ணாத்தே, இத்த மாத்தியே ஆவணும். கழண்டுகிச்சின்னா சக்கரம் மடங்கிப் பூடும்."

மாற்ற வேண்டாம் என்றேன். சத்தம் வராமல் கிரீஸ் மட்டும் அடைக்கச் சொன்னேன். மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். புது சென்சார், புது பேட்டரி, எல்லாம் அசல். பிறகு ஒரு வாரம் நானே அதை மெதுவாக ஓட்டி, ஸ்கேனர் எண்ணுகிற தூரத்தை ஏற்றினேன். குழந்தையைத் தூக்கிப் போகிற மாதிரி ஓட்டினேன் சார்.

அதை வாங்க வந்தவர் உதயகுமார். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. தென்காசிப் பக்கத்துக்காரர். மனைவி விஜி, இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் காவ்யா. அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கங்காதரனைக் கூட்டி வரச் சொன்னதே நான்தான்.

வந்தான். செருகினான். செல்போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"க்ளீனா கீது. நானூறு கிலோமீட்டரா ஒரு கம்ப்ளைன்ட் இல்ல. ரப்பர் திருந்திட்டான்பா."

அப்போது நான் சொன்னதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். "கீழ ஒரு தபா படுத்துப் பாத்துடு கங்கா" என்றேன். உதயகுமார் காதில் விழும்படியே சொன்னேன்.

"நீ இன்னும் எந்தக் காலத்துல கீற நைனா?" என்று சிரித்துவிட்டு, சட்டையைத் தட்டிக்கொண்டு கிளம்பினான். நான் எதிர்பார்த்ததும் அதுதான்.

காவ்யா பின்சீட்டில் ஏறி, ஜன்னலோரம் தனக்குத்தான் என்று அம்மாவிடம் சண்டை பிடித்தாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நானே வைத்தேன். அப்பாவு டீ குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டான்.

பதினோராம் நாள் மதுரவாயல் பைபாஸில், லாரிக்குப் பக்கத்தில் போகும்போது சக்கரம் மடங்கியது. விஜியும் காவ்யாவும் அங்கேயே போய்விட்டார்கள். உதயகுமாருக்கு ஒரு கால் இல்லை.

நான் நினைத்தபடியே பழி கங்காதரன் மேல் விழுந்தது. கடையை மூடினான். இப்போது யாரும் அவனை வண்டி பார்க்கக் கூப்பிடுவதில்லை. துலுக்கானம் என்னை அண்ணாத்தே என்கிறான்.

உதயகுமார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், ஊன்றுகோலோடு என் யார்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க அன்னைக்கே படுத்துப் பாக்கச் சொன்னிய அண்ணாச்சி. நாந்தான் கேக்காமப் போயிட்டேன்" என்றார். நாற்காலி போட்டு உட்கார வைத்து, சோடா வாங்கிக் கொடுத்தேன். அப்பாவு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்துதான் நேராக உங்களிடம் வந்திருக்கிறான்.

அவன் சொன்னது அத்தனையும் சரி. பால் ஜாயின்ட் தேய்ந்தது தெரியும். கழண்டால் என்ன ஆகும் என்று தெரியும். அந்த வண்டியில் மூன்று பேரும் ஏறிப் போவார்கள் என்பதும் தெரியும். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள்.

ஆனால் ஏமாற்றி விற்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள் சார். அந்த வண்டியைப் பற்றி நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, ஸ்கேனரில் எதையும் அழிக்கவும் இல்லை. இந்தப் பத்தொன்பது வருஷத்தில் நான் நாணயமாக விற்ற வண்டி அது ஒன்றுதான்.