ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடிய வண்டி

பெயர்: லெம்பி சாலோ. வயது: 81. கணவர்: காலஞ்சென்ற எய்னோ சாலோ. முகவரி: 14, பெல்க்கி சாலை, மிச்சிகன் மேல் தீபகற்பம். படிப்பு: எட்டாம் வகுப்பு. தொழில் ஏதும் இல்லை என்று துணை ஷெரிப் டெலாங் எழுதினார். பதினாறு கோழிகள் இருக்கின்றன என்று நான் சொன்னதால் கோழி வளர்ப்பு என்று திருத்திக்கொண்டார். 2024 நவம்பர் 12 அன்று காலை பத்தே கால் மணிக்கு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, நான் சொல்லச் சொல்ல அவர் எழுதியது பின்வருமாறு.

நான் மேற்படி முகவரியில் ஐம்பத்தெட்டு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். இந்த வழக்கில் சொல்லப்படும் கிரெய்க் வாண்டர்மோலன் என் மகள் கார்லாவின் கணவன். எங்கள் தீபகற்பத்தை மாநிலத்தின் மற்ற பாதியோடு இணைக்கும் பாலத்துக்குத் தெற்கேயிருந்து வந்தவன். அந்தப் பக்கத்துக்காரர்களைப் பாலத்துக்கு அடியில் குடியிருக்கும் பூதங்கள் என்று இங்கே சொல்வது வழக்கம். என்னை லெம்பி என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் அம்மா.

2011 ஜூன் மாதம் நானும் என் கணவரும் எட்டுப் பேர் உட்காரும் நீல நிற வேன் ஒன்றை, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரிடமிருந்து 96,400 மைல் ஓடிய நிலையில் வாங்கினோம். வாங்கும் முன் வெர்ன் ஹார்ஜுவின் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தூக்கி நிறுத்தி அடிப்பக்கம் முழுவதும் பார்த்தோம். எங்கள் ஊரில் பனி உருகுவதற்காக ஐந்து மாதம் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். உப்பு மேலே உள்ள வர்ணத்தைத் தொடாது, கீழே உள்ள இரும்பைத் தின்னும். அதனால் வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் என் கணவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பழைய எண்ணெய் அடிப்பார். நான்காயிரம் மைலுக்கு ஒருமுறை என்ஜின் ஆயில் மாற்றினோம். 1,05,000 மைலில் டைமிங் பெல்ட் மாற்றினோம். 1,71,000 மைலில் துருப்பிடித்த பிரேக் குழாய்களைக் கழற்றிச் செம்புக் குழாய் போட்டோம். 2,08,340 மைலில் இரண்டாம் முறை டைமிங் பெல்ட் மாற்றினோம். பெல்ட் மாற்றினால் தேதியையும் மைலையும் ஒரு சிறிய சீட்டில் எழுதி என்ஜின் மூடிக்குக் கீழே, பெல்ட் உறையின் மேல் ஒட்டுவது வெர்னின் வழக்கம். பட்டறை வைத்திருக்கும் எவரும் செய்வதுதான். என்ஜின் மூடியைத் திறந்து பார்க்கிற எவருக்கும் அது தெரியும்.

கிரெய்க் திறந்தாலும் பார்க்கிறவன் அல்ல. 2018 ஜனவரி 9 அன்று கண்ணாடி கழுவும் நீல நீரை ரேடியேட்டர் நீர் ஊற்றும் டப்பாவில் ஊற்றியவன் அவன். இது ஏன் தேவை என்று துணை ஷெரிப் கேட்டார். தேவைப்படும் என்று சொன்னேன்.

2014 ஏப்ரல் முதல் என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. மார்க்கெட் நகரத்து மருத்துவமனையில் வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. போக எழுபது மைல், வர எழுபது மைல். நான்தான் ஓட்டினேன். மற்ற வேலைகளுக்கெல்லாம் எங்களிடம் பழைய டிரக் இருந்தது, வேன் இந்த ஒரு காரியத்துக்கு மட்டும். 2020 மார்ச் மாதம் அவர் இறக்கும் வரை ஆறு ஆண்டுகள் ஓடியது. இந்த ஆறு ஆண்டில் கிரெய்க் ஒரே ஒரு நாள் அவரைக் கூட்டிப் போனான். அன்று பனிவண்டி ஒன்றை விலை பேசப் போய்விட்டதால் என் கணவர் மருத்துவமனை வாசலில் ஒரு மணி பத்து நிமிடம் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு வேன் ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்கு மட்டும்தான் போனது. 2023 செப்டம்பரில் வெர்ன் வண்டியைத் தூக்கி வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புச் சட்டம் இற்றுப்போயிருந்தது. "எய்னோ போனதுக்கப்புறம் யாரும் எண்ணெய் அடிக்கல போல. சபைக்கு மெதுவா போ, மெதுவா வா. பின்னாடி மட்டும் யாரையும் ஏத்தாத லெம்பி," என்றார். நான் யாரையும் ஏற்றவில்லை.

2024 ஆகஸ்டில் கண் பரிசோதனையில் என் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். அப்போது மீட்டரில் 2,43,918 மைல் இருந்தது. வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லி கிரெய்க்கிடம் சாவியைக் கொடுத்தேன். சட்டம் இற்றுப்போனதையும் சொன்னேன். "நீங்க கவலைப்படாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்," என்றான். அம்மா என்றதைக் கேட்ட உடனேயே நான் சாவியைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். அதன் பிறகு உரிமைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்டான். மைல் எழுதும் இடம் காலியாக இருந்தது. காலியாக இருந்தபடியே கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு. அதையும் எழுதச் சொன்னேன்.

வண்டி மூன்று வாரம் அவன் கொட்டகையில் இருந்தது. செப்டம்பர் 21, சனிக்கிழமை, கழுவித் துடைத்து என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். வாங்க ஆள் வருவதாகவும், அவர்கள் உதிரிப் பாகத்துக்காக வாங்குவதாகவும், எல்லாம் பேசிவிட்டதாகவும் சொன்னான். உதிரிக்கு எதற்குக் கழுவினாய் என்று கேட்டேன். மரியாதைக்கு என்றான். அவன் மரியாதை செய்து நான் பார்த்த முதல் பொருள் அந்த வேன்தான். காபி போடச் சொன்னான், ஏலக்காய் ரொட்டி இருந்தால் வெட்டி வைக்கவும் சொன்னான்.

வந்தவள் கைசா ருவோனா. எங்கள் சபையின் வடக்குக் கிளையைச் சேர்ந்தவள். ஐந்து குழந்தைகள், ஆறாவது வயிற்றில். கணவன் கூரை வேலைக்கு மின்னசோட்டா போயிருந்தான். எங்கள் சபையில் ஒருவரையொருவர் பார்த்தால் "தேவ சமாதானம்" என்று சொல்லிக் கைகொடுப்போம். அதை விளையாட்டுக்குச் சொல்வதில்லை. கிரெய்க் ஏழு ஆண்டில் ஒருமுறைகூட சபைக்கு வந்ததில்லை. அவன் படியிறங்கிப் போய்க் கையை நீட்டி "தேவ சமாதானம், சகோதரி" என்று சொன்னதை நான் சமையலறை ஜன்னலில் இருந்து கேட்டேன்.

கைசா கையில் போன் வைத்திருந்தாள். "ஹார்ஜு கிட்ட ஒரு தடவ தூக்கிப் பாக்கச் சொல்லலாம்னு நெனச்சேன்," என்றாள்.

அதற்கு அவன், "தாராளமா பாருங்க. நம்ம ஆளுங்க வண்டிதான், இருந்தாலும் உங்க திருப்தி," என்றான்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, இல்ல, அப்படிச் சொல்லல," என்று சொல்லி போனைப் பைக்குள் போட்டாள். சமாதானம் சொல்லிக் கைகொடுத்தவர் வீட்டு வண்டியைத் தூக்கிப் பார்ப்பது, அவருடைய நாக்கைத் தூக்கிப் பார்ப்பது போல. எங்கள் ஆட்கள் செய்ய மாட்டார்கள். அதைத் தெரிந்துதான் அவன் அந்த இரண்டு வார்த்தையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். வேறு எதையும் கற்றுக்கொண்டதில்லை.

அதன் பிறகு காபி குடிக்க உள்ளே வந்தாள். "இத சபைக்கு மட்டும்தான் ஓட்டினீங்களாமே?" என்று என்னிடம் கேட்டாள்.

"எய்னோ போனப்புறம் சபைக்கு மட்டும்தான்," என்றேன். அது உண்மை. அவளுக்கு அந்த முதல் இரண்டு வார்த்தை காதில் விழவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை.

அதன் பிறகு அவள் வெளியே போய்த் தன் வண்டியிலிருந்து மூன்று குழந்தை இருக்கைகளை எடுத்துவந்து, வேனின் கடைசி வரிசையில் வைத்து, மூன்றும் அடங்குகிறதா என்று பார்த்தாள். இதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உதிரிக்கு வாங்குகிறவள் குழந்தை இருக்கையை வைத்துப் பார்க்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். கிரெய்க்கோடு வந்திருந்த என் மகள் கார்லா என் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் காபி பொங்கியது. நான் அடுப்பின் பக்கம் திரும்பினேன்.

அக்டோபர் 17 பிற்பகல் கல்லறை மேட்டு இறக்கத்தில் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கி வண்டி பள்ளத்தில் இறங்கியது என்று கேள்விப்பட்டேன். ஐந்து குழந்தைகளும் உள்ளே இருந்தார்கள். கடைசி வரிசையில் இருந்த ஆறு வயது எல்லிக்கு இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. நான் மருத்துவமனைக்குப் போனேன். கைசா எனக்குக் கைகொடுக்கவில்லை.

மறுநாள் வெர்ன் ஹார்ஜு என்னைத் தன் பட்டறைக்குக் கூட்டிப் போனார். அடிப்பக்கம் முழுவதும் புதிதாகக் கறுப்புச் சாயம் அடித்திருந்தது. அந்தக் கறுப்பில் திருப்புளியை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை உள்ளே போனது. அதன் பிறகு மீட்டரைக் காட்டினார். 98,640 மைல் என்று படித்துச் சொன்னார். விற்ற அன்று 98,112 என்று கிரெய்க் கைசாவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறான். பழைய வண்டி உடைக்கும் இடத்தில் வேறு மீட்டரை வாங்கி மாட்டியிருக்கிறான் என்றார் வெர்ன். கண்ணாடியின் மூலையில் ஆயில் மாற்றியதற்கு ஒட்டும் சீட்டையும் சுரண்டி எடுத்திருந்தான். பெல்ட் உறை மேல் இருந்த சீட்டு மட்டும் அப்படியே இருந்தது. 2,08,340. வெர்னின் கையெழுத்து.

"இத ஏன் விட்டான்?" என்று வெர்ன் கேட்டார்.

"மூடியத் தொறந்தாலும் பாக்கத் தெரிஞ்சாத்தானே," என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கார்லா வந்தாள். மீட்டர் பல ஆண்டுகளுக்கு முன்பே என் காலத்தில் மாற்றப்பட்டது என்று கிரெய்க் ஷெரிப் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். அவன் சிறைக்குப் போனால் வீடு போய்விடும் என்றாள். "அம்மா, உனக்கு ஞாபகம் இல்லன்னு மட்டும் சொல்லிடு. எம்பத்தோரு வயசுக்காரிய யாரும் குடைய மாட்டாங்க."

"எது ஞாபகம் இல்லன்னு சொல்லணும்?"

"எதுவுமே."

"நீ பொறந்ததும் சேத்தா?"

அவள் ரொட்டியைத் தொடாமல் போய்விட்டாள். அவள் என் ஒரே மகள்.

இன்று துணை ஷெரிப், வெர்னின் பட்டறைப் புத்தகத்தை என் கண்ணில் படாமல் தன் பக்கம் வைத்துக்கொண்டு, தேதி மட்டும் சொல்லி, என்ன வேலை, எத்தனை மைல் என்று பத்தொன்பது கேள்விகள் கேட்டார். கண்ணில் பட்டாலும் என்னால் படித்திருக்க முடியாது. பதினெட்டு சரியாக இருந்தது. ஒன்றில் வெர்ன் தப்பாக எழுதியிருக்கிறார். போன் செய்து கேட்டபோது அவரே ஒப்புக்கொண்டார்.

மேலும் நான் சொல்ல விரும்புவது. மீட்டரிலிருந்து அவன் எடுத்த மைல் 1,45,806. அதில் மார்க்கெட் மருத்துவமனைக்குப் போய்வந்த மைல் 1,31,040. பனிப்புயலால் போகாத நான்கு நாளைக் கழித்தால் 1,30,480. கிரெய்க் கூட்டிப் போன ஒரு நாள் தவிர, அந்த மைல்களில் என் கணவர் முன்னிருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போகும்போது மீட்டரைப் படித்துச் சொல்வது அவர் வேலை. வரும்போது தூங்கிவிடுவார், நானே படித்துக்கொள்வேன். மீட்டர் என் காலத்தில் மாறியிருந்தால் எங்கள் இருவரில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

வண்டியைப் பற்றி கிரெய்க் சொன்னது பொய். ஜன்னலில் நின்று பார்த்த பிறகும் நான் வாயைத் திறக்காதது என் குற்றம். இரண்டையும் ஒரே தாளில் எழுதச் சொன்னேன். அந்த இரண்டாலும் சேர்ந்துதான் எல்லியின் கை முறிந்தது.

எனக்குப் படிக்கக் கண் போதாததால் மேற்கண்டவற்றைத் துணை ஷெரிப் உரக்கப் படித்துக் காட்டினார். பிரேக் குழாய் மாற்றிய இடத்தில் 1,71,000 என்று நான் அவசரத்தில் முழு எண்ணாகச் சொல்லிவிட்டேன். அது 1,70,600. அடித்துத் திருத்தினால் தாள் அசிங்கமாகிவிடும் என்று அவர் தயங்கியதால் இங்கே கீழே எழுதச் சொன்னேன். மற்றவை நான் கண்டதும் செய்ததும் செய்யாமல் விட்டதும். எனக்கு ஞாபகம் இல்லை என்று இதில் நான் எங்கும் சொல்லவில்லை.

லெம்பி சாலோ
(தன் கையால் இட்டது)

என் முன்னிலையில்: ரா. டெலாங், துணை ஷெரிப்